பட்டுப் பாவாடையில் இரண்டு டக்

அக்கா மகளுக்கோ தம்பி மகளுக்கோ பட்டுப் பாவாடை தைக்கக் கொடுத்தால், நீளத்தை இன்றைய அளவுக்கு வெட்டவிடாமல், ஜரிகைக்குச் சற்று மேலே உள்பக்கமாக ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு டக் (துணியை மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்துத் தரச் சொல்லுங்கள். பெரிய தையலாகப் போடச் சொல்லுங்கள், பிரிக்கும்போது பட்டு கிழியாது.

மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுவரை பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ.தான் உயர்வார்கள், ஒரு டக்கைப் பிரித்தாலே மடிப்பின் இருபக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம் கிடைத்துவிடும், ஆக இந்தத் தீபாவளிப் பாவாடை அடுத்த இரண்டு தீபாவளிக்கும் வரும். இடுப்புக்கு நாடா வையுங்கள். அப்புறம் சட்டையின் பக்கத் தையலில் இருபுறமும் ஓர் அங்குலம் துணி விடச் சொல்ல மறக்காதீர்கள், முதலில் இறுக்கமாவது சட்டைதான். போன தடவை தரையைத் தொட்ட பாவாடை இப்போது கணுக்காலுக்கு மேலே நிற்பதைப் பார்க்கும்போதுதான், இவ்வளவு சீக்கிரமா என்று மனசு ஒருமாதிரி ஆகிறது.

கைக்குழந்தைக்கு இது சரிவராது, முதல் வருடத்திலேயே 25 செ.மீ. அளவுக்கு வளர்ந்துவிடும். பத்து வயதுக்கு மேல் திடீரென்று உயரும் பிள்ளைகளுக்கும் போதாது. சாயம் வெளுக்கும் பருத்தியில் வேண்டவே வேண்டாம், பிரித்த இடம் அடர்நிறக் கோடாகத் தெரியும்.