ஒரு படகு, இரண்டு வாழ்க்கை: பழைய பைலட் படகுகளின் வரலாற்றைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துறைமுகத்தை நெருங்கும் கப்பலில் ஏறி, மணல்திட்டுகளுக்கும் நீரோட்டத்துக்கும் தப்ப வைத்து அதை உள்ளே கொண்டுசேர்ப்பவரைக் கப்பல் வழக்கில் பைலட் என்பார்கள். அவரை நடுக்கடலுக்குக் கொண்டுபோய், கப்பல் வரும்வரை காத்திருந்து, அதில் ஏற்றிவிடுவது பைலட் படகின் வேலை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே உள்வாங்கிக் கிடக்கும் பிரிஸ்டல் சேனலில், ஓதம் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் 14 மீட்டரைத் தொடும். அந்தக் கடலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த வேலையைச் செய்தவை, பெரும்பாலும் 40 முதல் 50 அடி நீளமுள்ள, ஒற்றைப் பாய்மரம் கொண்ட கட்டர்கள். அவற்றில் இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்கும் குறைவு. ஆனால் அவற்றைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பாதியை நம்ப முடியாது என்பது என் எண்ணம்.

இதற்குக் காரணம் எழுதுவோரின் அலட்சியம் மட்டுமன்று. ஒரு பைலட் கட்டருக்கு இரண்டு வாழ்க்கை உண்டு. முதல் வாழ்க்கையில் அது பைலட்டின் பிழைப்புக்கான கருவி. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் நீராவிப் படகுகள் வந்தபின் விற்கப்பட்டு, இரண்டாம் வாழ்க்கையில் பணம் படைத்தவரின் உல்லாசப் படகாக, அதாவது யாட் ஆக மாறியது. முதல் வாழ்க்கையின் தாள்கள் ஓரிடத்திலும் இரண்டாவதின் தாள்கள் வேறிடத்திலும் கிடக்கின்றன. பெரும்பாலான தவறுகள் இவ்விரண்டையும் ஒட்டவைக்கும் இடத்தில்தான் நேர்கின்றன.

பெயரை நம்பி மட்டும் தேடுவது அவற்றில் முதன்மையானது. 1911-இல் போல்ருவான் என்ற ஊரில் பாரி துறைமுகப் பைலட் ஒருவருக்காகக் கட்டப்பட்ட கார்னூபியா, பிற்பாடு ஹிர்தா என்ற பெயரில் பல ஆண்டுகள் ஓடி, மறுசீரமைப்புக்குப் பின் மீண்டும் கார்னூபியா ஆனது. அதே 1911-இல் ஃப்ளீட்வுட்டில் கட்டப்பட்ட கைண்ட்லி லைட், தியோடோரா என்ற பெயரில் இளைஞர்களுக்குக் கடற்பயிற்சி தந்துவிட்டு, இன்று பழைய பெயருக்குத் திரும்பியிருக்கிறது. ஆகவே இன்றைய பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இடைப்பட்ட காலத்துத் தாள்களைப் புரட்டினால், படகு எங்கேயோ மறைந்துவிட்டதாகத் தோன்றும். பெயர்கள் மொழி மாறுவதும் உண்டு. 1883-இல் ஹாம்பர்க்கின் ஸ்டூல்கன் பட்டறையில் கட்டப்பட்ட எல்பே 5 என்ற பைலட் ஸ்கூனர், அதாவது இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல், தொழிலிலிருந்து விடுபட்டபின் வாண்டர்ஃபோகல் ஆனது. அமெரிக்கரான வார்விக் டாம்ப்கின்ஸின் கைக்கு வந்ததும் அதே பொருள் தரும் ஆங்கிலப் பெயரான வாண்டர் பேர்ட் ஆனது. எண்ணாகவும் ஜெர்மன் சொல்லாகவும் ஆங்கிலச் சொல்லாகவும் மூன்று வடிவங்களில் தேடாதவருக்கு அந்தப் படகு மூன்று படகாகவே தெரியும்.

இதற்கு நேரெதிரான பிழையும் இருக்கிறது. இர்விங் ஜான்சன் என்ற அமெரிக்கக் கேப்டன் உலகைச் சுற்றிய யாங்க்கி என்ற ஸ்கூனர் பழைய டச்சுப் பைலட் கப்பல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர் வாங்கிய வேறொரு கப்பலுக்கும் யாங்க்கி என்றே பெயரிட்டார். அதுவோ 1912-இல் எம்டனில் கட்டப்பட்ட ஜெர்மன் பைலட் கப்பல். ஒரே உரிமையாளர், ஒரே பெயர், இரண்டுமே முன்னாள் பைலட் கப்பல்கள் என்றிருக்கையில், இவற்றைக் குழப்பிக்கொண்டவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாயில் பெரிதாக எழுதப்பட்ட எண்ணும் காப்பாற்றாது. நியூயார்க்குப் பைலட் படகுகளில் ஒன்று மூழ்கினாலோ விற்கப்பட்டாலோ, அதன் எண் அடுத்து வந்த படகுக்குப் போய்விடும். ஆகவே ஆண்டு தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து ஒரு புகைப்படத்துக்குப் பெயர்சூட்டக் கூடாது.

அடுத்த குழி டன் கணக்கு. பதிவேட்டில் படகின் பெயரை ஒட்டி நிற்கும் டன் என்பது எடையைக் குறிப்பதில்லை. கப்பல் பதிவில் அது உள்ளறையின் கொள்ளளவு, ஒரு டன்னுக்கு 100 கன அடி. யாட்களுக்கோ 1855-இல் தேம்ஸ் அளவு என்ற வேறொரு கணக்கு வந்தது. நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்து, வந்ததை அகலத்தாலும் அகலத்தில் பாதியாலும் பெருக்கி, 94-ஆல் வகுக்க வேண்டும். 50 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள ஒரு கட்டரை எடுத்துக்கொள்வோம்: 36-ஐ 14-ஆல் பெருக்கி, அதை 7-ஆல் பெருக்கினால் 3,528; 94-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 37½ டன். இந்தக் கணக்கில் படகின் ஆழம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே படகு கப்பல் பதிவேட்டில் நிகர டன்னாக, அதாவது ஆட்கள் தங்குமிடம் போன்றவற்றைக் கழித்த கொள்ளளவாக, எழுதப்பட்டால் எண் மிகவும் சிறுத்துப்போகும். இரண்டு தாள்களிலும் பெயர் ஒன்றாக இருந்து டன் வேறுபட்டால் வேறு படகு என்று ஒதுக்கிவிடுவதும், டன் ஒத்துப்போகிறது என்பதற்காகவே ஒரே படகு என்று முடிவுகட்டுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். நீளத்திலும் இதே வம்புதான்: முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தைச் சேர்த்து அளந்ததா, மேல்தளத்தை மட்டும் அளந்ததா, நீர்க்கோட்டில் அளந்ததா என்பது தெரியாத அடிக்கணக்கு எதற்கும் உதவாது.

எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதிலும் தடுமாற்றம் மிகுதி. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு 1855 முதல் அதிகாரபூர்வ எண் தரப்பட்டது. கப்பலின் பெயரும் ஊரும் மாறினாலும் அந்த எண் மாறாது என்பதால், கிடைத்தால் அதைவிடப் பெரிய கைப்பிடி வேறில்லை. ஆனால் எல்லாக் கட்டர்களும் தொழில் செய்த நாளிலேயே அப்பதிவில் ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, அங்கே காணாத படகை இல்லாத படகு என்று முடிவுசெய்யக் கூடாது. 1878 முதல் வெளிவந்த லாயிட்ஸ் யாட் பதிவேட்டில் பைலட் கட்டர் தலைகாட்டுவது, பெரும்பாலும் அது யாட் ஆன பிறகே. அதில் பழைய பெயர்களும் கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் இருக்கும். ஆயினும் அந்த விவரம் விற்றவர் சொல்லி வாங்கியவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம் என்பதால், அதைச் சான்றாகக் கொள்வதற்கு முன் தொழில்காலத் தாளோடு ஒப்பிட வேண்டும்.

தொழில்காலத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு நிர்வாக வரலாறு தெரிய வேண்டும். சேனலின் பைலட்டுகள் நெடுங்காலம் பிரிஸ்டலின் ஆளுகையில் இருந்தனர். 1861-இல் வந்த சட்டத்தால் கார்டிஃப், நியூபோர்ட், குளோஸ்டர் ஆகியவை தத்தம் பைலட் வாரியங்களைப் பெற்றன. அதனால் 1850-களில் உரிமம் பெற்ற ஒரு கார்டிஃப் பைலட்டைத் தேடுபவர் பிரிஸ்டல் ஆவணக் காப்பகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய மகனைத் தேடுபவர் கார்டிஃபுக்குப் போக வேண்டியிருக்கும். இந்த 1861 என்ற கோட்டை அறியாதவர்கள், குடும்பம் திடீரெனத் தொழிலுக்கு வந்ததாகவோ தொழிலை விட்டதாகவோ எழுதிவிடுகிறார்கள்.

படகு பணிசெய்த துறைமுகத்தையே அது பிறந்த ஊர் என்று கொள்வது இன்னொரு பிழை. பிரிஸ்டலுக்கு அருகே ஏவன் ஆற்றின் வாயில் உள்ள பில் என்ற சிற்றூர் பைலட்டுகளுக்கும் படகுப் பட்டறைகளுக்கும் பேர்போனது. ஆனால் கார்டிஃப், பாரி, ஸ்வான்சி பைலட்டுகள் நல்ல படகைத் தேடி எங்கும் போனார்கள். கைண்ட்லி லைட் கட்டப்பட்ட ஃப்ளீட்வுட், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். ஸ்வான்சி அருங்காட்சியகத்தின் கட்டரான ஓல்கா, 1909-இல் கார்ன்வாலின் போர்த்லெவனில் கட்டப்பட்டது. கட்டியவரின் வரைபடத்தைத் தேடி அலைவதும் வீண்வேலையாக முடியலாம்: பாதி உடல் மரமாதிரியைச் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்துக் கட்டுவதே அந்தப் பட்டறைகளின் வழக்கம். இன்று நம் கைக்கு வரும் வரைபடம் பெரும்பாலும், ஓடித் தேய்ந்து மாற்றப்பட்ட உடலைப் பிற்காலத்தில் அளந்து வரைந்தது.

பழைய செய்தித்தாள்களைப் படிப்பதில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வேல்ஸ் தேசிய நூலகம் 1919 வரையிலான இதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்த பிறகு எல்லோரும் முதலில் போவது அங்கேதான். கட்டர் என்ற சொல்லை இட்டுத் தேடுவார்கள். ஆனால் அக்காலச் செய்திகளில் இப்படகுகளுக்கு ஸ்கிஃப் என்ற பெயரும் சரளமாக வரும். இன்று ஸ்கிஃப் என்றால் சிறு துடுப்புப் படகு நினைவுக்கு வருவதால், கண்ணில் பட்டாலும் கைவிட்டுவிடுகிறார்கள். சொல்லைச் சரியாகப் பிடித்தவரும் அடுத்து ஆளைப் பிடிப்பதில் சறுக்குவார். கப்பல் தென்பட்டதும் கட்டர் அதன் காற்றுமறைவுப் பக்கம் வந்து நிற்கும். கட்டரின் மேல்தளத்திலிருந்து பன்ட் என்ற சிறு படகை நீரில் தள்ளுவார்கள். பைலட் அதில் போய்க் கயிற்றேணியில் தொற்றி ஏறிக்கொள்வார். பிறகு அவ்வளவு பெரிய கட்டரை ஒரு ஆளும் ஒரு பையனுமாக வீட்டுக்கு ஓட்டிவருவார்கள். அந்தத் துணையாளை வெஸ்டர்ன்மேன் என்றும் பையனைப் பயிலுநர் என்றும் அழைத்தனர். ஆகவே திரும்பும் வழியில் கட்டர் பாறையில் மோதினால், செய்தியில் வரும் பெயர்கள் அவ்விருவருடையவை. உரிமையாளரான பைலட் அந்நேரம் வேறொரு கப்பலின் மேல்தளத்தில் பத்திரமாக நின்றிருப்பார். செய்தியில் கண்ட பெயரைப் படகின் உரிமையாளராக எழுதி, அவர் பெயரில் ஒரு பைலட் பரம்பரையையே உண்டாக்கிய குடும்ப வரலாறு ஒன்றை நான் படித்திருக்கிறேன். கப்பலைக் கயிறுகட்டி இழுத்து, கரையில் கட்டிக்கொடுத்த ஹாப்ளர்களையும் பைலட்டுகளோடு சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு தொழில்கள், வேறு உரிமங்கள்.

புகழும் ஆய்வாளரின் கண்ணை மறைக்கும். 1936-இல் நந்தா தேவியின் உச்சியை முதன்முதலில் அடைந்த இருவரில் ஒருவரான டில்மன், 1954-இல் மிஸ்சீஃப் என்ற பழைய கட்டரை வாங்கி, துருவக் கடல்கள்வரை ஓட்டினார். 1968-இல் அது யான் மாயென் தீவருகே மூழ்கியது. 1906-இல் கார்டிஃபில் கட்டப்பட்ட அந்தப் படகைப் பற்றி எழுதுவோர், பைலட் படகாக இருந்த ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிட்டு மலைக்கும் பனிக்கும் போய்விடுகிறார்கள். 1925-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயம் முதன்முதலில் நடந்தபோது அதை வென்ற ஜோலி பிரீஸின் கதையும் இப்படித்தான்: அது லே ஆவ்ர் துறைமுகத்துக்காக 1913-இல் கட்டப்பட்ட பிரெஞ்சுக் கட்டர், பைலட் பணி செய்த காலம் சில ஆண்டுகளே. அதை வைத்து, பைலட் படகுகள் யாவும் பந்தயக் குதிரைகள் என்று சொல்வது பொருந்தாது. எஞ்சியிருக்கும் கட்டர்களில் பல 1890-க்குப் பின் கட்டப்பட்டவை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றின் வடிவத்தை வைத்து 1840-களின் படகைக் கற்பனை செய்வது, பேரனின் புகைப்படத்தைப் பார்த்துப் பாட்டனாரின் முகத்தை வரைவது போன்றது.

வாய்வழிச் செய்திக்கு ஒரு சொல். 1497-இல் பிரிஸ்டலிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போன கடலோடி ஜான் கபட்டின் மேத்யூ கப்பலை ஏவன் ஆற்றில் வழிநடத்தியவர் பில் ஊரைச் சேர்ந்த ரே என்ற பைலட் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதை எழுதலாம், சொல்கிறார்கள் என்ற சொல்லோடு.

கடைசியாகப் படகையே பார்க்கப் போகும்போது நேரும் தவறு. பதிவுபெற்ற பிரிட்டிஷ் படகுகளில், மேல்தளத்தைத் தாங்கும் முதன்மைக் குறுக்குவிட்டத்தில் அதிகாரபூர்வ எண்ணும் நிகர டன்னும் உளியால் வெட்டப்பட்டிருக்கும். பல அடுக்குச் சாயத்துக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். மெல்லிய தாளை மேலே வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் எழும்பி வரும். எல்பே 5 செலவுமிக்க சீரமைப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்த சில நாட்களிலேயே, 2019 ஜூனில், எல்பே ஆற்றில் சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியது. மீட்டு மறுபடியும் சீரமைத்தார்கள். மரப்படகில் ஒவ்வொரு சீரமைப்பிலும் சில பலகைகளும் சில விட்டங்களும் புதிதாகின்றன. எனவே பட்டறைக்குள் படகு ஏறுவதற்கு முன்பே அந்த விட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது; எண்ணைத் தேய்த்தெடுத்த தாளின் மூலையில் தேதியையும், விட்டம் பழையதா மாற்றப்பட்டதா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.