எள் கசந்துபோவது எங்கே?

தை, மாசியில் சம்பா அறுத்த வயலில் விதைக்கிற எள், சித்திரை வைகாசி வாக்கில் களத்துக்கு வந்துவிடும். செடியை அறுத்து அடுக்கிக் காயவிட்டு, பிறகு உதறித்தான் விதையை எடுப்பார்கள். கூடவே கொஞ்சம் மண்ணும் வரும். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் ஊரிலேயே எள் வாங்குகிறவர்கள் கழுவாமல் வறுத்தால் எள்ளு சாதம் நறநறவென்று பல்லில் கடிபடும். ஒரு தடவை அலசினால் போதாது, அரிக்க வேண்டும். பாத்திரத்தை ஆட்டி ஆட்டி, எள்ளைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குச் சாய்த்தால் மண் அடியில் தங்கிவிடும். அப்புறம் துணியில் பரப்பி உலர்த்துங்கள்.

பெரிய தவறு வறுப்பதில்தான் நடக்கிறது. வெள்ளை எள் சிவப்பதைக் கண் பார்த்துச் சொல்லிவிடும். கறுப்பு எள் கருகினாலும் நிறம் காட்டாது, காதைத்தான் நம்ப வேண்டும். வெறும் வாணலியில், மிதமான தீயில், ஒரு கைப்பிடி மட்டும் போட்டுக் கிளறுங்கள். படபடவென்று பொரியும். அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கும்போதே தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டோமே என்று வாணலியிலேயே விட்டால், இரும்பின் சூட்டில் மிச்சமும் கருகும். கருகிய கசப்பை எந்த வெல்லத்தாலும் மறைக்க முடியாது.

மிளகாய், உளுத்தம்பருப்பு, எள் மூன்றையும் ஒன்றாக வறுப்பதும் வேண்டாம். பருப்பு சிவப்பதற்குள் எள் தீய்ந்துவிடும். அரைக்கும்போது எல்லாம் ஆறியிருக்க வேண்டும். மிளகாயையும் பருப்பையும் உப்பு, பெருங்காயத்தோடு முதலில் பொடித்துவிட்டு, எள்ளைக் கடைசியில் போட்டு மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். எள்ளில் பாதிக்குப் பாதி எண்ணெய்தான். ஒரே ஓட்டமாக ஓட்டினால் பொடி விழுதாகிவிடும்.

புரட்டாசி சனிக்கிழமைக்கு எள்ளு சாதம் கிளறுகிறவர்கள் சோற்றை நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே பொடியைத் தூவுங்கள். குழைந்த சோற்றில் கலந்தால் களிதான். சிலர் பூண்டு சேர்க்கிறார்கள். எனக்கு அது ஒப்பாது, எள்ளின் வாசனையே போய்விடுகிறது.

பொடியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், சிக்கு வாடை வந்துவிடும்.

எள்ளுருண்டைக்கு வெல்லத்தை வடிகட்டாமல் பாகு வைத்தால் அரித்த பாடு வீண், வெல்லத்திலும் மண் உண்டு. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் கையில் உருண்டு வர வேண்டும். எள்ளைக் கொட்டிக் கிளறியதும், கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடித்துவிடுங்கள். ஆறினால் உதிரும்.