குடை பாடும்போது முகம் தெரிய வேண்டும்

பள்ளியில் போடுவதற்கு இசை நாடகம் எழுத உட்கார்ந்தால் முதலில் கையில் எடுக்க வேண்டியது வருகைப் பதிவேடு. கதை அப்புறம். முதல் தடவை எனக்கு இது தெரியவில்லை. விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒரு ராஜா, ஒரு மந்திரி, பேசும் கிளி என்று பிரமாதமாக எழுதி முடித்தேன். ஐந்து பேருக்கு வசனம். மிச்சம் 37 பேரும் ‘ஊர் மக்கள்’. ஒத்திகையின் மூன்றாம் நாள் ஊர் மக்களில் ஒருத்தி வந்து, “மிஸ், நான் எதுக்கு அங்க நிக்கிறேன்?” என்றாள். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நான் கணக்கு டீச்சர். கீபோர்டு ஓரளவு வாசிப்பேன், அவ்வளவுதான் என் சங்கீதம். அதற்குப் பிறகு எழுதிய ஆறு நாடகங்களையும் பதிவேட்டிலிருந்துதான் ஆரம்பித்தேன். 42 பிள்ளைகள் என்றால் 42 வேலை. வசனம் என்று சொல்லவில்லை, வேலை. கதவு கிரீச்சிடுகிற சத்தம் போடுவதும் வேலைதான். ஒரு பிள்ளை அன்றைக்கு லீவு போட்டால் நாடகத்தில் அந்த இடம் ஓட்டையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் எதுவுமே எழுதவில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு நன்றாக அமைந்தது ‘குடை ரிப்பேர் கடை’. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு குடைகள் பேச ஆரம்பிக்கின்றன. கறுப்புக் குடைகள், பூப்போட்ட குடைகள், குட்டிக் குடைகள், கம்பி முறிந்தவை, கடைக்கார வீட்டு ஆட்கள், கடைசியில் வந்து சேரும் மழை. ஆறு குழு, குழுவுக்கு ஏழு பேர். ஆறு பாட்டு, பாட்டுக்கு ஒரு குழு முன்னால் வரும், மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். கதை நல்ல கதையா என்று கேட்டால் சுமாரான கதைதான். ஆனால் 6 × 7 சரியாக வந்தது.

நீளம் 35 நிமிடம் போதும். வசனம் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். சின்னதாக இருக்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். இங்கிலாந்தின் இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபரும் பாடலாசிரியர் டிம் ரைஸும் எழுதிய, பைபிளில் வரும் ஜோசப் கதை இன்று முழுநீள மேடை நாடகம். அது 1968-ல் லண்டன் பள்ளி ஒன்றில் பையன்கள் பாடிய 15 நிமிடப் பாட்டுத் தொகுப்பாகத்தான் பிறந்தது.

பாட்டை முதலில் எழுதுங்கள். வசனத்தைப் பிள்ளைகளே ஒத்திகையில் பாதி மாற்றிவிடுவார்கள், பெரும்பாலும் நல்லதற்கே. பாட்டு அப்படி இல்லை, அது தப்பாக இருந்தால் கடைசி வரை தப்பாகவே இருக்கும். நான் செய்த தப்பு ஸ்ருதி. என் தொண்டைக்கு இதமான ஸ்ருதியில் மெட்டுப் போட்டேன். பிள்ளைகளுக்கு அது பாதாளம். பாட்டு முணுமுணுப்பாக வந்தது. “சத்தமா பாடுங்க” என்று நான் கத்த, அவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள். எட்டு, ஒன்பது வயதுக்குக் கீபோர்டின் நடுவில் உள்ள ஒரு கட்டையிலிருந்து (C) மேல் ஸ்தாயி இரண்டு கட்டை (D) வரை வசதியாகப் போகும். பாட்டின் பெரும்பகுதி அதன் நடுவில் இருக்கட்டும். உச்சிக்கு ஒன்றிரண்டு முறை போய் வந்தால் போதும். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கியிருக்கும். தனியாகப் பாடச் சொல்லி மானத்தை வாங்காதீர்கள். தாளத்தோடு பேசுகிற வரிகளைக் கொடுங்கள், கலக்கிவிடுவார்கள்.

மூச்சும் கணக்குதான். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் எட்டுத் தட்டு என்றால் ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு மேல் ஒரே மூச்சில் இழுக்கச் சொன்னால் பிள்ளை நடுச்சொல்லில் மூச்சு வாங்கும். ஆடிக்கொண்டே பாடினால் அந்த ஐந்து வினாடியும் கிடைக்காது. அதனால் என் நாடகங்களில் பாடுகிற குழு நிற்கும், பாடாத குழு ஆடும்.

இனி சொல். இலக்கணப் பாடத்தில் குற்றியலுகரம் படித்தது எதற்கு என்று எனக்கு மேடையில்தான் புரிந்தது. கம்பி முறிந்த குடைகளுக்கு முதலில் இப்படி எழுதினேன்:

மழையே மழையே என்னை நனைத்து
கம்பி முறிந்த கதையைக் கேட்டு

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பாடினால் ‘நனைத்து’, ‘கேட்டு’ இரண்டிலும் கடைசி உகரம் அரை மாத்திரைதான். வரி முடிகிற இடத்தில் மெட்டு நீளமாக நிற்கிறது, நிற்பதற்கு அங்கே எழுத்தே இல்லை. பிள்ளைகள் ‘நனைத்தூஊ’ என்று ஊளையிட்டார்கள். பிறகு மாற்றினேன்:

மழையே மழையே என்னை நனைக்க வா
கம்பி முறிந்த கதையும் கேட்க வா

‘வா’வை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம். வாயும் அகலமாகத் திறக்கும், பின்வரிசை வரை கேட்கும். நீட்டுகிற இடத்தில் நெடில், அதிலும் ஆகாரம் கிடைத்தால் விடாதீர்கள். சினிமா மெட்டில் சொல்லை மாற்றிப் போடும் யோசனை யாராவது சொல்வார்கள். உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி வாங்காமல் அதில் இறங்க வேண்டாம். நான்கு ஸ்வரத்தில் சொந்தமாக ஒரு மெட்டு போதும், அதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் வீட்டிலும் பாடிக்கொண்டிருப்பார்கள்.

ஆள் தேர்வு செய்யும்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். நாலு நாலு பேராகப் பாடச் சொல்லி, பக்கத்தில் நடந்துபோய்க் காதைக் கொடுங்கள். கடைக்காரர் மாதிரியான பெரிய வேடத்துக்கு இன்னொரு பிள்ளையையும் தயார் செய்து வையுங்கள். நாடகத்துக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் வரும்.

ஒத்திகைக்கு எனக்கு எட்டு வாரம் ஆகும், வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம். பாட்டைச் சொல்லித் தரும்போது முதலில் மெட்டில்லாமல் தாளத்தோடு சொல்லை மட்டும் சொல்ல வையுங்கள். கடைசிக் காட்சியை முதல் வாரமே ஆரம்பித்துவிடுங்கள். வரிசையாகப் போனால் முதல் காட்சி அறுபது தடவை ஒத்திகை பார்த்ததாகவும் கடைசிக் காட்சி இரண்டு தடவை பார்த்ததாகவும் முடியும். யார் எங்கே நிற்பது என்பதற்குத் தரையில் கலர் டேப். மைக்கைக் கைமாற்ற விடாதீர்கள், அது எப்போதும் தப்பான கையில்தான் இருக்கும். ஸ்டாண்டில், இருப்பதிலேயே குட்டையான பிள்ளையின் வாய் உயரத்துக்கு வையுங்கள், உயரமானவன் குனிந்துகொள்வான். பின்னணி இசையைப் போனில் ஓட்டினால் ஏரோப்பிளேன் மோடில் போடுங்கள். எங்கள் மந்திரி உயிலை வாசிக்கும் நேரத்தில் யாரோ எனக்குப் போன் செய்தார்கள். முடிந்தால் ஒருவர் உட்கார்ந்து வாசிப்பதே மேல். பதிவு செய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது, வாசிக்கிறவர் பிள்ளை மேடைக்கு வந்து சேரும் வரை அதே நாலு தட்டைச் சுற்றிக்கொண்டிருப்பார்.

உடையோடு பார்க்கும் முழு ஒத்திகையின்போது மேடை அருகே நிற்காதீர்கள். கடைசி வரிசைக்குப் போங்கள். குடை நாடகத்தில் நான் அப்படிப் போய் உட்கார்ந்தேன். நிஜக் குடைகள், எல்லாம் பளபளவென்று. முதல் பாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் விரித்தார்கள். மேடையில் ஒரு பிள்ளைகூடத் தெரியவில்லை. வெறும் குடை! பாட்டு துணிக்குப் பின்னால் எங்கேயோ கேட்டது. அன்று சாயங்காலமே குடைகளை மூட்டை கட்டிவிட்டு, அட்டையில் வளைந்த கைப்பிடி மட்டும் வெட்டினோம். விரிவதைப் பிள்ளைகள் கையாலேயே செய்தார்கள்: விரல்களைக் குவித்து மேலே கொண்டுபோய், ‘டப்’ என்று பிரிப்பது. அட்டைக் கைப்பிடி அக்குளில். நிஜக் குடையைவிட அதுதான் குடை மாதிரி இருந்தது.

மழைக்கு மட்டும் செலவில்லாத ஒரு வழி கடன் வாங்கினேன். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1958-ல் பைபிளில் வரும் நோவாவின் வெள்ளக் கதையை இசை நாடகமாக்கியபோது, கயிற்றில் பீங்கான் கப்புகளைத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் பிள்ளைகளைத் தட்ட வைத்தார், முதல் மழைத்துளிகளுக்காக. நாங்களும் ஏழு கப் கட்டினோம். ஒவ்வொரு கப்பும் ஒவ்வொரு ஸ்வரம் தரும். அதைச் சரி செய்யப் பார்க்காதீர்கள், மழை ஸ்ருதி பார்த்துப் பெய்வதில்லை.

நாடக நாளன்று உங்கள் வேலை சும்மா இருப்பது. எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான். முன்வரிசையில் உட்கார்ந்து வாயசைத்தீர்கள் என்றால் 42 ஜோடிக் கண்ணும் உங்கள் வாயையே பார்க்கும். எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் விடுங்கள், அவரும் அடுத்த வரியின் முதல் சொல்லை மட்டும் கொடுத்தால் போதும். படம் எடுக்கவும் வேண்டாம், அதற்குப் பெற்றோர் இருக்கிறார்கள். கடைசி வரிசை, கை இரண்டும் மடியில்.

அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நாலாவது காட்சியில் கடைக்காரன் வாயைத் திறந்தான், வசனம் வரவில்லை. பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தும் காதில் விழவில்லை. அவன் அட்டைக் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஏதோ அதில் எழுதியிருக்கிற மாதிரி. என் கால் தானாக எழுந்திருக்கப் பார்த்தது. அப்போது மேடையின் மூலையிலிருந்து ஒரு ‘டிங்’. மழைக்கு இன்னும் ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு டிங். மழைக் குழுவில் கடைசியில் நின்றவள் தட்டுகிறாள். மற்ற ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் தட்டினார்கள். கடைக்காரன் நிமிர்ந்து, “மழை வந்துடுச்சே!” என்றான். அது ஐந்தாவது பாட்டுக்கு முந்தின வரி. கீபோர்டு பிடித்துக்கொண்டது. பதினோரு வரி வசனம் அப்படியே போயிற்று. எண்ணிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

முடிந்து எல்லோரும் அவரவர் அம்மாவைத் தேடி ஓடும்போது அவள் மட்டும் மரக்கரண்டியோடு என்னிடம் வந்தாள்.

“மிஸ், சீக்கிரமா தட்டிட்டேன்.”

“பாத்தேன்.”

“அவன் அழப்போனான் மிஸ்,” என்று சொல்லிவிட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.