கை பழக வேண்டுமா? தூக்க நேரத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

இடது கையை மேசை மேல் வைத்து, ஆள்காட்டி விரல், சுண்டுவிரல், நடுவிரல், மோதிர விரல், மறுபடி ஆள்காட்டி என்று தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தட்டினால் சுலபம். வேகம் கூட்டியதும் ஏதோ ஓரிடத்தில் விரல் திக்கும். கீபோர்டு, டைப்பிங், பேட்மின்டன் சர்வீஸ் என்று எதைக் கற்றாலும் இப்படி ஒரு திக்கல் இருக்கும். அது பாதி பயிற்சியில் சரியாகும், மீதி தூக்கத்தில்.

2002-ல் தூக்க ஆய்வாளர்கள் மேத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் இதே மாதிரி ஐந்து தட்டு வரிசையை வைத்துத்தான் சோதித்தார்கள். 30 வினாடி தட்டல், 30 வினாடி ஓய்வு, இப்படி 12 முறை. காலையில் பழகியவர்கள் 12 மணி நேரம் கழித்து, அன்று இரவே தட்டியபோது பெரிய மாற்றம் இல்லை. ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. நடுவில் யாரும் பயிற்சி செய்யவில்லை. 2004-ல் வந்த தொடர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: முதல் நாள் எந்த விரல் மாற்றத்தில் அதிகம் தடுமாறினார்களோ, அங்கேதான் இரவு கழிந்ததும் முன்னேற்றம் அதிகம்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். கீபோர்டு கற்ற புதிதில், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு அடியில் நுழைக்கும் ஓர் இடம் வரவே இல்லை. வராமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தேன். கடைசி அரை மணி நேரம் கை இன்னும் மோசமாகத்தான் ஓடியது. அப்புறம் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து மறுபடி உட்கார்ந்தேன். அதில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன.

களைத்த கை புதிதாக எதையும் பிடித்துக்கொள்வதில்லை, அது ஒன்று. இன்னொன்று அலாரம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. வாக்கர் குழுவின் ஆய்வில் வேக முன்னேற்றம் தூக்கத்தின் இரண்டாம் நிலையோடு (ஆழ்ந்த தூக்கத்துக்கு முந்தைய லேசான தூக்கம்), அதிலும் இரவின் கடைசிக் கால் பகுதியில் வரும் இரண்டாம் நிலையோடு பொருந்தி வந்தது. அந்த நிலையில் மூளையில் ‘ஸ்பிண்டில்’ எனப்படும் சிறு அலைக் கொத்துகள் எழும். வினாடிக்கு 12 முதல் 15 அதிர்வு வரை இருக்கும், ஓரிரு வினாடியில் அடங்கிவிடும். பழகிய அசைவு மூளையில் படிவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எட்டு மணி நேரத் தூக்கத்தை ஆறாகக் குறைத்து எழுந்தால் நீங்கள் வெட்டி எறிவது அந்தக் கடைசிப் பகுதியைத்தான். அதிகாலைப் பயிற்சி வேண்டுமென்றால் அதற்கேற்ப முன்னதாகவே படுத்துவிடுங்கள்.

"இன்று விழித்துவிட்டு வார இறுதியில் சேர்த்துத் தூங்கிக்கொள்ளலாம்" என்பது அடுத்த தவறு. 2000-ல் ஸ்டிக்கோல்டு குழு, கண்ணால் வேறுபாடு கண்டுபிடிக்கும் ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு, முதல் இரவு சிலரைத் தூங்கவிடவில்லை. பிறகு இரண்டு இரவுகள் நன்றாகத் தூங்கியும் அவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. இது விரல் பயிற்சி இல்லை, சரி. ஆனாலும் புதிதாக ஒன்றைக் கற்ற அன்றைய இரவை நான் இப்போதெல்லாம் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த நேரத்தில் பழகுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பாடம் மனப்பாடம் செய்வதற்குச் சொல்லும் நேரத்தையே கைப்பயிற்சிக்கும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். 2012-ல் வெளியான ஓர் ஆய்வில் 16, 17 வயதுப் பெண்களுக்குச் சொல் இணைகளையும் விரல் வரிசையையும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குப் பிற்பகல் 3 மணிக்கு, மற்றப் பிரிவுக்கு இரவு 9 மணிக்கு. சொற்கள் பிற்பகலில் கற்றவர்களிடம் நன்றாக நின்றன, விரல் வரிசை இரவில் கற்றவர்களிடம். சிறிய ஆய்வுதான், இதையே சட்டமாக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் படிக்கிறவர்கள், கைவேலையைத் தூக்கத்துக்குப் பக்கத்தில் தள்ளிவைத்துப் பார்க்கலாம்.

ஒன்று முடிந்த கையோடு அதே சாயலில் இன்னொன்றைத் தொடங்காதீர்கள். 1996-ல் நடந்த ஒரு சோதனையில், இயந்திரக் கைப்பிடி ஒரு பக்கம் தள்ள, அதைச் சமாளித்துக் கையை நகர்த்தப் பழகினார்கள். உடனே வேறு விதமான தள்ளலுக்குப் பழகியவர்களிடம் முதலில் கற்றது நிற்கவில்லை. நான்கு மணி நேரம் இடைவெளி விட்டவர்களுக்கு அந்தச் சேதம் இல்லை.

தூக்கத்தின் மேல் முழுப் பாரத்தையும் போடுவதும் தவறுதான். ராத்திரியில் கூடும் அந்த வேகத்தில் ஒரு பங்கு, களைப்பு நீங்கியதால் வருவது என்று டிமதி ரிக்கார்டு போன்ற ஆய்வாளர்கள் 2008 முதல் வாதிடுகிறார்கள். நியாயமான வாதம். பகலில் கை சரியான வழியில் ஓடியிருந்தால்தான் தூக்கம் காப்பாற்றுவதற்கு ஏதாவது இருக்கும். அதனால் கடைசிச் சுற்றை வேகம் குறைத்து, பிழையில்லாமல் வாசித்து முடித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

இரவில் வேலைக்குப் போகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். 2002-ல் ஸ்டெஃபான் ஃபிஷர் குழு செய்த ஆய்வில், பயிற்சிக்குப் பின் பகலில் தூங்கியவர்களுக்கும் இரவில் தூங்கியவர்களைப் போலவே பலன் கிடைத்தது.