துணை நடிகரின் க்ளோசப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

சமீபத்தில் மூன்று புது இயக்குநர்கள் தங்கள் முதல் படத்தின் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்டமாக வெட்டி ஒட்டிய வடிவத்தை, காட்டிக் கருத்துக் கேட்டார்கள். மூன்றிலும் முதன்மை நடிகர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். ஒளிப்பதிவிலும் பெரிய குறையில்லை. ஆனால் ஒரு டாக்டரோ, போலீஸ்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ உள்ளே வந்து வாயைத் திறந்ததும் படம் படுத்துவிடுகிறது. அதுவரை கதைக்குள் இருந்த நமக்கு, யாரோ கேமரா முன் நின்று ஒப்பிப்பது தெரிந்துவிடுகிறது.

நண்பர்களைப் பிடித்து நடிக்க வைக்காதே, ஆடிஷன் வை, வசனத்தை முன்கூட்டியே கொடு. இதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானே செய்து, காட்சிகளை இழந்த தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

க்ளோசப்பைக் கடைசிக்குத் தள்ளுவது

இரண்டு பேர் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாஸ்டர் ஷாட், அதாவது இருவரும் தெரிய முழுக் காட்சியும் ஒரே ஷாட்டில். அடுத்து நாயகி பக்கம் லைட் வைத்து சஜஷன் (எதிராளியின் தோளுக்கு மேலிருந்து எடுப்பது), க்ளோசப் எல்லாம் எடுக்கிறோம். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு டேக் போகிறது. அத்தனை டேக்கிலும் துணை நடிகர் கேமராவுக்குப் பின்னால் நின்று முழு உணர்ச்சியோடு வசனம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். அப்புறம் லைட்டையெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பி அவரிடம் வரும்போது நாள் முடிந்துவிடுகிறது. குரல் கட்டிப்போய், மனசும் காலியாகி நிற்பவருக்கு இருபது நிமிடம் கிடைக்கிறது.

என் இரண்டாவது குறும்படத்தில் ஒரு நர்ஸ் பாத்திரம். அறுவைச் சிகிச்சையில் மகள் இறந்துவிட்டாள் என்பதைத் தாயிடம் சொல்லும் காட்சி. நர்ஸாக நடித்தவர் பல வருடம் மேடையில் நடித்தவர். மாஸ்டர் ஷாட்டில் அந்த அறையிலேயே அவர்தான் மிகச் சிறப்பாகச் செய்தார். தாயாக நடித்த நாயகிக்கு நான் மூன்றரை மணி நேரம் கொடுத்தேன். தன் பகுதி முடிந்ததும் நாயகி, வேறு வேலை இருக்கிறது, கிளம்பட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். அந்த ஒரு ‘சரி’தான் படத்தைக் கெடுத்தது.

நர்ஸின் க்ளோசப்புக்கு எதிரே நாயகியின் இடத்தில் உதவி இயக்குநரை நிறுத்தினேன். கையில் சீன் பேப்பர், கண் கடிகாரத்தில். “என் பொண்ணு எங்கே?” என்ற வரியை, சாமான் பட்டியல் வாசிப்பதைப் போல வாசித்தார். அவர் மேல் தப்பில்லை, அது அவர் வேலையே இல்லை. நாயகியைவிட அவர் அரை அடி உயரம் வேறு. இரண்டு டேக்கில் ஓகே சொல்லிவிட்டு அன்றைய படப்பிடிப்பை முடித்தேன்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. தாய் உடைந்து அழுகிறாள், நர்ஸின் பார்வையோ அவள் தலைக்கு மேலே எங்கோ இருக்கிறது. லுக், அதாவது இருவரின் பார்வைத் திசை, ஒட்டவே இல்லை. நர்ஸின் குரலில் இருந்த அமைதியும் அந்த அழுகையைக் கேட்டு வந்தது அல்ல, தட்டையான வாசிப்பைக் கேட்டு வந்தது. திரும்ப எடுக்க அந்த இடமும் கிடைக்கவில்லை, நாயகியும் முடியை வெட்டியிருந்தார். நாலு நிமிடக் காட்சியை ஒன்றரை நிமிடமாகக் குறைத்தேன். பார்த்தவர்கள் பலர் ‘நர்ஸ் சரியில்லை’ என்றார்கள். திரையிடல் முடிந்து அந்த நடிகையே என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அவருடைய நடிப்பு அந்த அறையில் இருந்தது. அதைப் பதிவு செய்யாமல் விட்டவன் நான்.

இப்போது நான் செய்வது இதுதான். உணர்ச்சி மிகுந்த காட்சி என்றால் துணை நடிகரின் பக்கத்தை முதலில் எடுத்துவிடுகிறேன். எதிரே நின்று வசனம் கொடுப்பதற்குள் முதன்மை நடிகரும் நடிப்புக்குத் தயாராகிவிடுகிறார். எதிர் நடிகரின் க்ளோசப் முடியும்வரை இருக்க வேண்டும் என்பதைத் தேதி பேசும்போதே சொல்லிவிடுகிறேன். தவிர்க்கவே முடியாமல் ஒருவர் கிளம்பினால், நடிக்கத் தெரிந்த, ஏறக்குறைய அதே உயரமுள்ள ஒருவரை லென்ஸுக்கு ஒட்டி நிறுத்துகிறேன். கடைசியாக, துணை நடிகர் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒரு முழு டேக். எடிட்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

லைட்டைத் திருப்பத் திருப்ப நேரம் போகிறதே என்பீர்கள். உண்மைதான். 1957-ல் வெளிவந்த ‘12 ஆங்ரி மென்’ படத்தில் இயக்குநர் சிட்னி லூமெட்டும் ஒரு பக்கத்துக்கு லைட் வைத்தால் அந்தப் பக்கத்து ஷாட்டுகளையெல்லாம் சேர்த்தே எடுத்தார். ஒரே வாக்குவாதத்தின் இரு பக்கங்கள் வேறு வேறு நாட்களில் படமாயின. ஆனால் அதற்கு முன் அவர் நடிகர்களோடு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்திருந்தார். சிக்கன முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒத்திகையை விட்டுவிடுகிறோம், அங்கேதான் சறுக்குகிறது.

ஒற்றை வரிப் பாத்திரத்தை யாரிடமாவது கொடுப்பது

முப்பது காட்சி உள்ளவர் மெல்ல மெல்லப் பாத்திரத்துக்குள் வந்துவிடலாம். ஒரு வரி உள்ளவர் பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத முகங்களுக்கு நடுவே, முதல் டேக்கிலேயே அதைச் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டமான வேலை. அவரை முன்பே வரவழைத்து அந்த இடத்தில் நடமாட விடுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்; கோப்பு அடுக்கட்டும், சாவி தேடட்டும். தேர்ந்த நடிகர் கிடைக்காவிட்டால் அந்தத் தொழிலைச் செய்பவரையே தேடிப் பாருங்கள். 1948-ல் வெளிவந்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு இயக்குநர் விட்டோரியோ டி சிகா நாயகனாகவே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நடித்துக் காட்டுவது

ஐந்து துணை நடிகர்களும் இயக்குநரின் ஏற்ற இறக்கத்திலேயே பேசும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வரியைச் சொல்லிக் காட்டாதீர்கள். உள்ளே வருவதற்கு முன் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். அவராகவே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

கதையின் முன்கதையை எல்லாம் துணைப் பாத்திரத்தின் வாயில் போடுவது

எந்த நடிகராலும் காப்பாற்ற முடியாது. எழுத்திலேயே வெட்டுங்கள்.

டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

குரலைத்தான் பார்த்துக்கொள்ள முடியும்.

காத்திருக்க வைப்பது

மாலை 4 மணிக் காட்சிக்குக் காலை 6 மணிக்கு வரச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், தாமதம் ஏன் என்பதை நீங்களே போய்ச் சொல்லுங்கள். உட்கார ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுங்கள்.