தலங்கம குளத்தில் பறவை பார்க்கப் போகிறீர்களா?
சனி ஞாயிறில் கொழும்பை விட்டுத் தூரம் போக முடியாதவர்கள் பத்தரமுல்லைப் பக்கம் இருக்கும் தலங்கம குளத்துக்கு விடிய ஆறு மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பறவைகள் புதருக்குள் ஒதுங்கிவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

முக்கியமானது, நடந்துகொண்டே தேடாதீர்கள். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று மிதக்கும் இலைகளையே பாருங்கள், நீளவால் இலைக்கோழி நீண்ட விரல்களைப் பரப்பி இலைமேல் நடப்பது அப்போதுதான் கண்ணில் படும், அவ்வளவு அழகு! குஞ்சோடு நின்றால் அது அப்பா, ஏனென்றால் அடைகாத்து வளர்ப்பது ஆண்தான். அப்புறம், பாண் துண்டு எதுவும் போட வேண்டாம், தயவுசெய்து.