நத்தார் காலையும் நடுவில் களியான பாணும்

முல்லைத்தீவில் நத்தார் என்றால் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு வரவே இரண்டு மணியாகும். விடிய எழும்பி இடியப்பம் பிழிய யாருக்குத் தெம்பு? அதனால் முதல்நாள் பின்னேரமே பாண், ரின் மீன் எல்லாம் தட்டில் அடுக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி பிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அவணுக்குள் தள்ளுவேன்.

முதல் வருடம் மேலே நல்ல பொன்னிறம், வெட்டினால் நடுவில் களி. மாமி ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் எழும்பிப் போய் புட்டு அவித்தா.

பிழை பாணில்தான். அன்றைக்குச் சுட்ட பஞ்சுப் பாண் பாலில் கரைந்து கூழாகிவிடும். இப்போது 23ஆம் திகதியே வாங்கி, துண்டாக வெட்டி, அவணில் பத்து நிமிடம் காயவைக்கிறேன். 450 கிராம் பாணுக்கு 8 முட்டை, 600 மில்லிலீற்றர் பால். பால்மா கரைத்தாலும் சரி. தக்காளி போடுவதை விட்டுவிட்டேன், அது தண்ணி விடும். வெங்காயம், பச்சை மிளகாயை வதக்கி ஆறவிட்டு, மீனையும் ஒட்ட வடித்துத்தான் சேர்ப்பது.

மற்றது, குளிர்ந்த தட்டை உடனே வைத்தால் நடுப்பகுதி வேகாது. அரை மணித்தியாலம் வெளியே வைத்து, 180 பாகையில் அலுமினியத் தாளால் மூடி அரை மணித்தியாலம், திறந்து கால் மணித்தியாலம். குத்திப் பார்த்தால் கத்தி ஈரமில்லாமல் வரவேணும்.

போன வருடம் மாரி மழைக்குக் காலையில் கரண்ட் போய்விட்டது. தாச்சியில் மாற்றி, மூடிமேல் தணல் போட்டுச் சமாளித்தேன். ஓரம் கொஞ்சம் தீய்ந்தது. மாமி அந்த ஓரத்தைத்தான் கேட்டு வாங்கினா.